ஷோக் அண்ணையின் கண்ணாடிப் பெட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்தும் வாழ்நாளில் ஒரு தடவையாவது கரண்ட் அடி வாங்காதவர் யாராவது இருந்தால், அவருக்கு ஷோக் அண்ணையைத் தெரியாது என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில் மட்டும், ஏழு வீடுகளில் அவர் பொருத்திப் பூட்டிக் கொடுத்த கொம்பியூட்டர்கள் இருந்தன. ஏழு வீட்டாரும் அதில் கை வைப்பதற்கு முன் றப்பர் செருப்பைத் தேடுவார்கள். வந்தவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்வது உலக வழக்கம். "செருப்போட வாங்கோ, வெறுங்காலோட வராதீங்கோ" என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்ட வீடுகள் எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தன.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று தெரியாது. ஷோக் என்றால் எங்கள் ஊரில் அருமை, பிரமாதம் என்று அர்த்தம். துருப்பிடித்த தகரத்துண்டைத் தூக்கிப் பார்த்தாலும் "ஷோக்கான சாமான்" என்பார் மனுஷன். அதே சொல்லின் நெடிலைக் குறிலாக்கினால் ஷொக். அதாவது கரண்ட் அடி. ஒரே ஆளுக்கு இரண்டு பொருத்தமும் அமைந்த பெயர் அது. அறுபதைத் தாண்டிய வயது, முழங்கைக்கு மேல் மடித்த வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனைக்குப் பதிலாக ஒரு ஸ்குரூ டிரைவர். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வயரிங் செய்தவராம். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லா வயரையும் எல்லா வயரோடயும் தொடுக்கக்கூடாது தங்கச்சி" என்பார்.

எனக்கு அவரோடு தொடர்பு ஏற்பட்டது பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில். நான் அப்போது ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை எல்லாவற்றையும் சிங்களத்திலும் தமிழிலும் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டச்சு செய்வது என் வேலை. ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் வேலை குவிந்து கிடந்தது. ஆனால் வாடகை கட்ட முடியாமல் மொழிபெயர்ப்பாளர் ஐயா அலுவலகத்தை மூடிவிட்டார். தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே மூச்சில் சொன்னார்:

"இனி எல்லாரும் வீட்டில இருந்துதான் வேலை. உங்களிட்ட கொம்பியூட்டர் இருக்குதானே? திங்கட்கிழமை காலமை ஒன்பது மணிக்கு முதல் வேலையை அனுப்புவன். பத்தரைக்குத் திரும்பி வரவேணும். இல்லாட்டி நான் வேற ஆளைப் பார்க்கவேண்டி வரும், பிள்ளை. குறை நினைக்காதீங்கோ."

"ஓம் ஐயா, இருக்கு" என்றேன். வீட்டில் இருந்தது என் கைத்தொலைபேசியும், அதிலும் ஒரு மூலை உடைந்த கண்ணாடியும். என் கணவர் வேலை பார்த்த ஹோட்டலில் சம்பளத்தைப் பாதியாக்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

பம்பலப்பிட்டியில் மாடி மாடியாகக் கொம்பியூட்டர் கடைகள் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு ஓடினேன். கண்ணாடிக் கதவுக்குள் நின்ற இளைஞன் சாதாரணமாக ஒரு விலை சொன்னான். இரண்டு லட்சத்துக்கும் மேலே. நான் ஏதோ நகைக்கடைக்குள் தவறிப்போய் நுழைந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். என் கையில் இருந்தது முப்பதாயிரம். அதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். "அக்கா, அதுக்கு மொனிட்டரின்ட கால் வரும்" என்று அக்கறையோடு சொன்னான்.

எங்கள் ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்தான் வழி காட்டினார். "கடைக்கு மேல் மாடியில ஷோக் அண்ணை இருக்கிறார். போய்க் கதையுங்கோ. ஆனா சுவரில சாயாதீங்கோ."

ஏன் சாயக்கூடாது என்று மேலே போன பிறகுதான் விளங்கியது. அந்த அறையின் நான்கு சுவர்களிலும் வயர்கள் கொடி முல்லைபோலப் படர்ந்திருந்தன. நடுவில் ஒரு கட்டில். கட்டிலுக்கு நுளம்பு வலை. வலைக்குள் மெத்தை விரிப்பின் மேல் பத்துப் பதினைந்து மதர்போர்ட்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றிரண்டுக்குத் துவாய்கூடப் போர்த்தியிருந்தது. கட்டிலுக்குக் கீழே, வெறும் நிலத்தில், ஒரு பாயும் தலையணையும்.

"அண்ணை, நீங்கள் எங்க படுக்கிறனீங்கள்?" வந்த வேலையை மறந்து இதைத்தான் முதலில் கேட்டேன்.

"கீழதான். எனக்குத் தூசு பட்டா குளிக்கலாம். அதுகள் குளிக்குமே?"

நான் என் கதையைச் சொன்னேன். திங்கட்கிழமை, ஒன்பது மணி, முப்பதாயிரம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணைத் திறந்து, "முதல்ல உங்கட வீட்டைப் பார்க்கவேணும்" என்றார். பெண் பார்க்க வருகிறவர்போல அந்தச் சாயந்தரமே வந்தார். என் கணவர் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர் கதிரையைக் கண்டுகொள்ளவில்லை. நேரே சுவரில் இருந்த பிளக்குக்குப் போய், அதன் மூடியைக் கழற்றி, வலது கைச் சுட்டுவிரலின் பின்பக்கத்தை உள்ளே வைத்தார்.

'டிக்' என்று ஒரு சத்தம். அவருடைய கை தானாக எகிறி வெளியே வந்தது. தலைமயிர்கூட ஒரு கணம் எழுந்து உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம். கணவர் "ஐயோ!" என்று கதிரையோடு பின்வாங்கினார்.

"கரண்ட் நல்லா இருக்கு" என்றார் ஷோக் அண்ணை. "ஆனா எர்த் இல்ல."

"டெஸ்டர் இல்லையா அண்ணை?" கணவர் கதிரைக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"டெஸ்டர் கரண்ட் இருக்கு எண்டு மட்டும்தான் சொல்லும். விரல் எவ்வளவு இருக்கு எண்டும் சொல்லும். புறங்கையால தொடவேணும், விளங்குதா? உள்ளங்கையால தொட்டா அது எங்களைப் பிடிச்சுக்கொள்ளும்."

இதைப் படிக்கிற யாரும் தயவுசெய்து வீட்டில் பரீட்சித்துப் பார்க்கக்கூடாது. அவர் வேறு ரகம். கரண்டே அவரைக் கண்டு கொஞ்சம் அடக்கி வாசித்திருக்க வேண்டும்.

பிறகு டீவியைப் பார்த்தார். "இதுதான் உங்கட மொனிட்டர். காசு மிச்சம்." கணவரின் முகம் செத்துவிட்டது. அந்த வார இறுதியில் கிரிக்கெட் இருந்தது.

வியாழக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கிராண்ட்பாஸுக்குப் போனார். பழைய சாமான்களை நிறுத்து வாங்கி நிறுத்து விற்கும் ஒரு கடை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். ஷோக் அண்ணையைக் கண்டதும் மாப்பிள்ளை வந்ததுபோல எழுந்தார்.

"வாங்க வாங்க. நேத்து ஒரு ஒஃபிஸில இருந்து ஒரு லொறி வந்தீக்கி. உள்ளுக்குப் போய்ப் பாருங்க."

உள்ளே கொம்பியூட்டர்களின் மயானம். உடைந்தவை, வளைந்தவை, வயிறு கிழிந்தவை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் எதிர்மாறாக மூக்கைத் திறந்தார். ஒவ்வொரு பலகையாக எடுத்து முகர்ந்தார். "இது எரிஞ்சது." எறிந்தார். "இதுக்கு மழை பட்டிருக்கு." எறிந்தார். ஒன்றை எடுத்து நீண்ட நேரம் முகர்ந்து, தலையை ஆட்டி, "இது மட்டும் நல்ல ஏசிக்குள்ள வளர்ந்த பிள்ளை. ஷோக்கான சாமான்!" என்றார். நம்ப முடியாமல் நானும் வாங்கி முகர்ந்து பார்த்தேன். எனக்குத் தும்மல்தான் வந்தது.

ரேம் துண்டுகள் இரண்டு கிடைத்தன. அவற்றின் மஞ்சள் பற்கள் கறுத்திருந்தன. வழியில் புத்தகக் கடையில் பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் அழிறப்பர் ஒன்று வாங்கி, பஸ் தரிப்பில் நின்றபடியே அந்தப் பற்களைத் தேய்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, மனுஷன் ஏதோ தங்கச் சங்கிலி மினுக்குகிறார் என்று எட்டிப் பார்த்தார். கீபோர்ட் ஒன்றும் வந்தது. அதில் ஒரு எழுத்துக் கட்டை இல்லை. அந்த இடத்தில் ஷோக் அண்ணை தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து ஒட்டினார். நான் அடுத்த இரண்டு வருடமும் எத்தனையோ பேரின் பிறந்த ஊரையும் அப்பா பெயரையும் அந்தப் பொத்தானைத் தட்டித்தான் எழுதினேன்.

அதே குவியலில் இருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கும் எடுத்தார். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை அவருடைய அறையில் அதைப் பூட்டிப் பார்த்தால், உள்ளே யாரோ ஒருவரின் வாழ்க்கை முழுவதும் அப்படியே இருந்தது. கல்யாணப் படங்கள் நூற்றுக்கணக்கில். பொருத்தி முடிந்துவிட்டது, இனி இதை அழித்துவிட்டு என் வேலைக்குத் தயார் செய்ய வேண்டியதுதான் என்று நான் சந்தோஷத்தில் இருந்தேன்.

"அழிக்கேலாது" என்றார் ஷோக் அண்ணை.

"ஏன், பழுதா?"

"பழுதில்ல. ஆக்கள் இருக்கினம்."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "ஒரு வீட்டில ஆக்கள் குடியிருக்கேக்க நீங்கள் போய்ச் சாமானைத் தூக்கி வெளியில எறிஞ்சிட்டுக் குந்துவீங்களே? சொந்தக்காரனிட்ட ஒரு வார்த்தை கேக்கவேணும். நான் எந்த டிஸ்க்கையும் கேக்காமல் அழிச்சதில்ல."

"அண்ணை! திங்கட்கிழமை ஒன்பது மணி!"

"ஓம். இண்டைக்கு வெள்ளிதானே."

குப்பையில் இருந்து வந்த டிஸ்க்குக்குச் சொந்தக்காரனைக் கொழும்பு முழுக்கத் தேடப் போகிறார் இந்த மனுஷன். நான் கெஞ்சினேன். கோபப்பட்டேன். "நீங்கள் செய்யாட்டி நான் வேற ஆளிட்டச் செய்விப்பன்" என்று மிரட்டியும் பார்த்தேன். அவர் அசையவில்லை. "செய்வியுங்கோ. ஆனா அந்த டிஸ்க்கை நான் தரமாட்டன்" என்றார் சாந்தமாக. வேறு டிஸ்க் வாங்கக் கையில் காசு இல்லை.

அவர் ஒவ்வொரு படமாகத் திறக்கவில்லை. "முகங்களைப் பார்க்காதீங்கோ. அட்ரஸ் இருக்கிற மாதிரி ஏதும் இருந்தா மட்டும் சொல்லுங்கோ" என்றார். கொஞ்ச நேரத்தில் கல்யாண அழைப்புக் காட் ஒன்று கிடைத்தது. அச்சடிப்பதற்கு முன் கொம்பியூட்டரில் செய்த காட். மாப்பிள்ளை வீட்டு முகவரி மட்டக்குளியில் ஒரு தோட்டம், அதாவது சின்னச் சின்ன வீடுகள் நெருக்கியடித்த குடியிருப்பு. படங்களையெல்லாம் ஒரு சின்ன பென்டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொத்தான் இல்லாத சட்டை அது.

சனிக்கிழமை காலை இருவரும் பஸ் ஏறினோம். அந்த நாட்களில் பஸ் ஓடுவதே அபூர்வம். கிடைத்த ஒன்றில் படிக்கட்டில் தொங்காத குறை. மட்டக்குளியில் இறங்கி, பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு நடுவே விசாரித்து விசாரித்து, நீலக் கதவு ஒன்றின் முன்னால் வந்து நின்றோம். வழி நெடுக ஷோக் அண்ணை மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தார். "பாருங்கோ, அந்தப் பிள்ளையளுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்! தொலைஞ்ச படம் எண்டு நினைச்சு எத்தனை நாள் அழுதிருப்பினம்!"

கதவைத் திறந்தவர் நாற்பது வயதிருக்கும் ஒரு மனிதர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் தேத்தண்ணிக் கோப்பை. கல்யாணக் காட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டார் ஷோக் அண்ணை.

"நான்தான். என்ன விஷயம்?"

"தம்பி, உங்கட கல்யாணப் படமெல்லாம் கிடைச்சிட்டுது!"

அந்த மனிதரின் முகம் வெளிறியது. அடுத்த கணம் சிவந்தது. கோப்பையை வாசற்படியில் 'டங்' என்று வைத்தார்.

"யாரு ஒங்களைத் தேடச் சொன்னது? அதை நான்தானே தூக்கி வீசினேன்! அவ என்னை விட்டுட்டுப் போய் மூணு வருஷம். அந்தப் பெட்டி கண்ணுல பட்டாலே எனக்குப் பைத்தியம் புடிக்குது. ஒஃபிஸ் சாமானோட சேர்த்து லொறியில ஏத்தி விட்டேன். நீங்க என்னண்டா திரும்ப வீட்டு வாசலுக்கே கொண்டாந்து நிக்கிறீங்க!"

அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. ஷோக் அண்ணையின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணை, வாங்கோ போவம்."

அவர் நகரவில்லை. பிளக்கில் விரல் வைத்தபோதுகூட மாறாத முகம் அது. இப்போது வாடிப்போயிருந்தது. ஆனாலும் தெளிவாகச் சொன்னார்: "பிழைதான் தம்பி. மன்னியுங்கோ. எனக்குத் தெரியாது. அழிக்கச் சொல்லி ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இண்டைக்கே எல்லாத்தையும் அழிச்சு விடுறன். பேந்து ஒருத்தரும் உங்களிட்ட வரமாட்டினம்."

"அழிங்க!" என்று கத்துவார் என்று நான் காத்திருந்தேன். வாயைத் திறந்தார். மூடினார். கோப்பையைக் குனிந்து எடுத்தார். மறுபடி கீழே வைத்தார். பிறகு, பக்கத்து வீட்டாருக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"எல்லாப் படமும் இருக்கா?"

"ஓம்."

"அம்மாவும் இருக்கிறாங்களா? பச்சைச் சாரி உடுத்து... எங்கட அம்மா போன வருஷம் காலமாயிட்டாங்க. அவங்க சிரிச்சு எடுத்த படம் வேற ஒண்டும் எங்ககிட்ட இல்ல."

ஷோக் அண்ணை என்னைப் பார்த்தார். முகங்களைப் பார்க்கக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் நான் பார்த்திருந்தேன். பச்சைச் சாரி, வாய் நிறையச் சிரிப்பு, கையில் யாருக்கோ ஊட்டப்போகிற கேக் துண்டு. "இருக்கிறா" என்றேன். "கேக் தீத்துற படம். நல்லாச் சிரிக்கிறா."

அந்த மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஷோக் அண்ணை பென்டிரைவை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அவரும் அதே படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதரே எழும்பி உள்ளே போய், எங்களுக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். அந்த நாட்களில் காஸ் இல்லாமல் விறகில் போட்ட தேத்தண்ணி. புகை மணத்தது. "மத்ததெல்லாம் அழிச்சிருங்க அண்ணே. இது என்கிட்ட இருக்கட்டும். பார்ப்பேனோ தெரியாது" என்றார். போகும்போது இரண்டு கும்பளா மீனையும் பையில் சுற்றிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஷோக் அண்ணை மடியில் மீனை வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். தெமட்டகொடை தாண்டிய பிறகு, "ஷோக்கான மனுஷன்" என்றார்.

இனித்தான் எனக்கு உண்மையான அதிர்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓட்டோவில் இருந்து இறங்கியது கொம்பியூட்டர் அல்ல. வெதுப்பகங்களில் ரோல்ஸும் பற்றிஸும் கட்லட்டும் அடுக்கி வைக்கும் கண்ணாடிப் பெட்டி. அலுமினியச் சட்டம், இரண்டு தட்டு, பின்னால் தள்ளித் திறக்கும் கதவு. மேல் தட்டில் மதர்போர்ட், கீழ்த் தட்டில் பவர் சப்ளை. ஒரு மூலையில் 'சூடான மீன் பணிஸ்' என்ற ஸ்டிக்கர் பாதி கிழிந்தபடி இருந்தது.

"காஸ் இல்லாமல் ஒரு தேத்தண்ணிக் கடை மூடிட்டாங்கள். சும்மா தந்தாங்கள்" என்றார் பெருமையோடு. "கேசிங் வாங்கினா உங்கட காசில கால்வாசி போயிடும். வெளிநாட்டில இப்ப எல்லாரும் கண்ணாடிக் கேசிங்தான் வைக்கினம். உள்ளுக்க லைற்றும் போடுவினம். இதுக்கு லைற் ஏற்கெனவே இருக்கு!"

சுவிட்சைத் தட்டினார். ரோல்ஸ் சூடாக இருப்பதற்காகப் பூட்டிய மஞ்சள் பல்ப் பளீரென்று எரிந்தது. என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்ததா? புரொசஸரின் மேலே பூச வேண்டிய பசை அப்போது இறக்குமதி இல்லை. "சாமான் வரும்வரைக்கும்" என்று சொல்லி எங்கள் குளியலறையில் இருந்த கராம்புப் பற்பசையை எடுத்துப் பூசினார். நான் கத்தினேன். "நுரை வராதா அண்ணை?" "தண்ணி ஊத்தினாத்தானே நுரை வரும்" என்றார். எர்த் இல்லாத குறைக்கு, பெட்டியின் சட்டத்தில் இருந்து ஒரு வயரை இழுத்துக் குளியலறைக் குழாயில் கட்டினார். "நாளைக்கு ஒழுங்கா எர்த் அடிச்சுத் தாறன். அதுவரைக்கும் கொம்பியூட்டர் போடேக்க ஒருத்தரும் பைப்பைத் தொடாதீங்கோ."

கணவர் என் காதில் கேட்டார்: "இவருக்கு நாங்கள் காசு குடுக்கிறமா, இல்ல உயிரைக் குடுக்கிறமா?"

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் றப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஷோக் அண்ணையும் வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு ஐயா வேலையை அனுப்பினார்: ஒரு நீண்ட சிங்களப் பிறப்புப் பதிவு. தட்டச்சு செய்யத் தொடங்கினேன். கொம்பியூட்டர் ஓடியது! சத்தம் மா அரைக்கும் மெஷின்போல இருந்தது, ஆனால் ஓடியது. பத்து நிமிடத்தில் வீடெல்லாம் கராம்பு மணத்தது. பல் வைத்தியரிடம் காத்திருப்பதுபோலவே இருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி எட்டிப் பார்த்து, மஞ்சள் வெளிச்சத்தைக் கண்டு, "அன்ரி, ரோல்ஸ் எவ்வளவு?" என்றாள்.

பத்து மணி ஐந்துக்கு 'பக்' என்று எல்லாம் அணைந்தது. அன்று மின்வெட்டு பத்தரைக்கு என்றுதான் அறிவித்திருந்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. எழுதியதெல்லாம் போய்விட்டது, வேலையும் போய்விட்டது.

ஷோக் அண்ணை எழும்பி, யன்னலால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "கரண்ட் போகேல்ல" என்றார். "உங்கட மெயின் சுவிட்ச் விழுந்திட்டுது. எங்கேயோ லீக் வந்திருக்கு. ஆரோ பைப்பைத் தொட்டிருக்கினம்."

குளியலறைக்குள் இருந்து என் கணவர் வந்தார். வாயில் பிரஷ். கண்கள் இரண்டும் கோழி முட்டை அளவில். "நான்... முகம்..." என்றார். அவரைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தோம். ஷோக் அண்ணை அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்து, "ஒண்டுமில்ல. நல்ல ஓட்டம்" என்றார். பிறகு வயரைக் கழற்றினார். சுவிட்சைப் போட்டோம். நான் எழுதியது அழியாமல் இருந்தது. ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் தானாகவே சேமிக்கும்படி மனுஷன் முதல் நாளே செய்து வைத்திருந்தார், எனக்குச் சொல்லவில்லை.

பத்து இருபத்தெட்டுக்கு அனுப்பினேன். ஐயா எழுதினார்: "நன்று. இன்னும் மூன்று அனுப்புகிறேன்."

அன்று பின்னேரம் ஷோக் அண்ணை ஒரு கூரான செப்புக் கம்பியோடு வந்து, கீழ் வீட்டு முற்றத்தில் ஆழமாக இறக்கி ஒழுங்கான எர்த் அடித்தார். ஒரு கிழமையில் ஏழு வீட்டுக்கும் அதே வேலையைச் செய்தார். ஒரு சதம் வாங்கவில்லை. "அந்த மனுஷன் பிரஷோட நிண்ட நிலை கண்ணுக்க நிக்குது" என்றார். என் கணவர் மட்டும் இன்றுவரை குழாயைத் திறக்கத் துவாயைச் சுற்றிக்கொள்கிறார்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி இரண்டு வருடம் எங்களுக்குச் சோறு போட்டது. பிறகு கணவருக்கு முழுச் சம்பளமும் வந்தது, எனக்கு ஒரு மடிக்கணினியும் வந்தது.

போன வருடம் ஒரு நாள், பலசரக்குக் கடைக்காரர் என்னைத் தெருவில் மறித்தார். ஷோக் அண்ணை மாடிப் படியில் மயங்கி விழுந்து, களுபோவிலப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாராம். கரண்ட் அடித்துத்தான் விழுந்திருப்பார் என்று ஊரே நினைத்தது. இல்லை, அவருடைய சொந்த இதயத்தின் கரண்டில்தான் குறையாம். நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். துடிப்புக் குறைந்தால் தானாக ஒரு தட்டுத் தட்டும் சின்ன மெஷின். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற டொக்டரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"புதுசே வைச்சனீங்கள்? செக்கன் ஹேண்ட் ஒண்டும் கிடைக்கேல்லையே? நல்லா ஓடின சாமான் எத்தனை இருந்திருக்கும்!"

டொக்டர் தமிழர்தான். "ஐயா, இனி நீங்கள் கரண்ட் வேலைக்குப் போகவே கூடாது" என்று மட்டும் சொன்னார். ஷோக் அண்ணையின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. தன் வலது கைச் சுட்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொண்டுபோன தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். அன்று ஆஸ்பத்திரி வாட்டில் சரியான கூட்டம். வாசலில் நின்ற காவலர் சிங்களத்தில், "நெருங்கிய சொந்தக்காரர் மட்டும்தான். நோயாளிக்கு நீங்கள் என்ன முறை?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "துவ" என்றேன். மகள்.

காவலர் என்னை மேலும் கீழும் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "நோனா, காலையிலிருந்து நீங்கள் ஆறாவது மகள். மகன்மார் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். இந்தப் பெரியவர் கல்யாணமே முடிக்கவில்லை என்று அட்டையில் எழுதியிருக்கிறது!"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பிப் போகவும் மனம் வரவில்லை, அங்கேயே நின்றேன். அவர் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துவிட்டு, கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். உள்ளே கட்டிலைச் சுற்றி ஐந்து மகள்மாரும் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும், கொஞ்சம் ஒதுங்கி எனக்கும் இடம் விட்டார்கள்.